இடிக்கு நடுங்கும் காவல் நாய்: மாத்திரையைக் கூட்டலாமா?

கேள்வி: ஆட்டுப் பட்டிக்குக் காவலாக 5 வயது ஆண் நாய் வைத்திருக்கிறேன். எடை 24 கிலோ. போன மழைக்காலத்திலிருந்து இடி இடித்தால் நடுங்குகிறது, எச்சில் வடிக்கிறது, சங்கிலியை இழுத்து இழுத்துக் கழுத்தைப் புண்ணாக்கிக்கொள்கிறது. இப்போது வானம் கறுத்தாலே ஆரம்பித்துவிடுகிறது. மருந்துக் கடையில் சொல்லி ஏசிப்ரோமசின் மாத்திரை வாங்கி, இரண்டு முறை ஒவ்வொன்று கொடுத்தேன். படுத்துவிட்டது. ஆனால் கண் பாதி திறந்தபடியே இருந்தது, அடுத்த இடிக்கும் நடுங்கியது. நேற்று தடவிக்கொடுக்கப் போன மகனைக் கையில் கடித்துவிட்டது. இதுவரை யாரையும் கடித்ததில்லை. இனி இரண்டு மாத்திரையாகக் கொடுக்கலாமா? மனிதர்களுக்கான பதற்ற மாத்திரை இதைவிட நல்லது என்கிறார்களே, அதைக் கொடுக்கலாமா? உண்ணிக்கு ஆடுகளோடு சேர்த்து மாதம் இருமுறை அமிட்ராஸ் கரைசலில் குளிப்பாட்டுகிறேன். வேறு மருந்து எதுவும் கொடுப்பதில்லை.

பதில்: கூட்ட வேண்டாம். அந்த மாத்திரையே வேண்டாம். இரண்டு முறைதான் கொடுத்திருக்கிறீர்கள் என்பதால் உடனே நிறுத்தினால் கெடுதல் ஒன்றுமில்லை.

முதலில் மகனின் கை. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, இன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் போக வேண்டும். மகனுக்கு ஊசி தேவையா என்பதை மருத்துவர் முடிவுசெய்யட்டும். நாயை 10 நாள் கண்காணிப்பில் வையுங்கள். இத்தனை மாதமாக இடிக்கு மட்டும் நடுங்கிவருவது வெறிநோயாக இருக்காது, ஏனெனில் வெறிநோய் வெளிப்பட்ட நாய் சில நாட்களிலேயே இறந்துவிடும். ஆனால் இந்தக் கடியைக் கணக்கில் எடுக்காமல் விட அந்த நியாயம் போதாது.

இனி அந்த மாத்திரை. ஏசிப்ரோமசின் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கும். அதனால் நாய் நடக்காது, குரைக்காது, எழுந்திருக்காது. பயம் மட்டும் குறையாது. கை காலைக் கட்டி இடிக்கு நடுவே போட்டதற்கும் இதற்கும் வித்தியாசம் அதிகமில்லை. நீங்கள் பார்த்த பாதி மூடிய கண் தூக்கம் அல்ல. கண்ணின் உள்மூலையிலிருந்து மூன்றாவது இமை மேலேறி மறைத்திருக்கிறது. அந்த நேரத்தில் காதருகே கை தட்டியிருந்தால், உடம்பு முழுக்கத் துள்ளியிருக்கும். சில நாய்களுக்கு இந்த மருந்தில் சத்தம் இன்னும் கூர்மையாகவே உறைக்கும். இதே மருந்து ரத்த அழுத்தத்தையும் இறக்கும். ஈறு வெளுக்கும், எழுப்பினால் தள்ளாடும். இரண்டு மாத்திரை கொடுத்தால் மயக்கம் ஆழமாகாது, நீளும். ரத்த அழுத்தம் இன்னும் இறங்கும்.

இதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. பயந்து ஓட முடியாமல் கிடந்த அனுபவத்தை நாய் மறக்காது. அடுத்த முறை இன்னும் முன்னதாக, இன்னும் சின்ன அறிகுறிக்கே பதறும். வானம் கறுத்ததும் தொடங்குகிறது என்கிறீர்களே, பயம் அந்தப் பாதையில் ஏற்கெனவே இறங்கிவிட்டது. மகனைக் கடித்ததையும் இப்படித்தான் பார்க்கிறேன். உறுமி எச்சரிக்கவும் விலகிப் போகவும் உடம்பு ஒத்துழைக்காத நாய்க்குப் பல் ஒன்றுதான் மிச்சம். பயத்தில் இருக்கும் நாயைக் கூப்பிட்டு, தானாக வந்தால் தடவிக்கொடுங்கள். ஆறுதல் சொன்னால் பயம் வளரும் என்பது தவறான நம்பிக்கை. ஆனால் ஒதுங்கிக் கிடக்கும் இடத்துக்குப் போய்க் கையை நீட்டக் கூடாது.

ஏசிப்ரோமசினை வேறு மருந்துகளோடு சிறு அளவில் சேர்த்துக் கால்நடை மருத்துவர் தருவதுண்டு. அதற்கு அவர் இதயத்தைக் கேட்டு, ஈறைப் பார்த்து, எடை போட்டு அளவு சொல்வார். கடைக்காரர் இதில் எதையும் செய்யவில்லை. நாயைக் கண்ணால்கூடப் பார்க்காமல் நடத்தைக்கு மாத்திரை விற்பவரிடம் இந்த விஷயத்துக்காக இனி போகாதீர்கள். நாய் அடங்கினால் மருந்து வேலைசெய்தது என்று அவரும் நினைக்கிறார், வாங்கியவரும் நினைக்கிறார். நாய்க்கு மட்டும்தான் உண்மை தெரியும்.

நீங்கள் கடைசியாகப் போகிற போக்கில் எழுதிய அமிட்ராஸ்தான் இந்தக் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. மனிதர்களுக்கான பதற்ற மாத்திரைகளில் பல, செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளைக் கூட்டுபவை: ஃப்ளூயோக்ஸெடின், க்ளோமிப்ரமின், ட்ரஸோடோன். அமிட்ராஸ், அதை உடைக்கும் நொதியைத் தடுக்கும் தன்மை கொண்டது. இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்தால் செரட்டோனின் அளவுமீறலாம். நடுக்கம், விரிந்த கண்மணி, கொதிக்கும் உடம்பு, வலிப்பு என்று போய் உயிருக்கே ஆபத்தாகும். அமிட்ராஸ் கழுத்துப்பட்டைக்கும் இது பொருந்தும். கடைசியாகக் குளிப்பாட்டி குறைந்தது 14 நாள் போன பிறகுதான் இந்த வகை மருந்தைத் தொடங்க வேண்டும். ஃப்ளூயோக்ஸெடின் உடம்பில் வெகுநாள் தங்கும் என்பதால், அதை நிறுத்தியபின் 5 வாரமாவது அமிட்ராஸ் பக்கம் போகக் கூடாது. உண்ணிக்கு நாய்க்கு மட்டும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்துக்கு மாறுங்கள். ஃப்ளூரலனர் வகை மாத்திரையும் உண்டு. வலிப்பு வந்த நாய்க்கு அதைத் தரும் முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆடுகளைக் குளிப்பாட்டும் நாளில் நாயைத் தனியே வையுங்கள். ஆட்டின் ஈர உடம்பில் உரசினாலும், தொட்டியில் வாய் வைத்தாலும் மருந்து ஏறும்.

சரியான மருந்து இரண்டு விதம். இடி வரும் நாளுக்கு மட்டும் கொடுப்பது ஒன்று, தினமும் கொடுப்பது மற்றொன்று. முதல் விதத்தில் ட்ரஸோடோன் அல்லது கேபாபென்டின். இந்த எடைக்கு ட்ரஸோடோன் 100 மி.கி., கேபாபென்டின் 300 மி.கி. அளவில் தொடங்குவதுண்டு, இறுதி அளவை மருத்துவர் சொல்வார். மழைக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். பலரும் தவறுவது இதில்தான். இடி தொடங்கிய பின் கொடுத்தால், பதறிய உடம்பில் மருந்து சரியாக வேலைசெய்யாது. மருந்து சரியில்லை என்று கடைக்காரர்மேல் பழி போகும். தேவைப்படும் நாளுக்கு முன் மழையில்லாத ஒரு நாளில் ஒரு வேளை கொடுத்து 6 மணி நேரம் கவனியுங்கள். தள்ளாட்டம் அதிகமா, வாந்தியா, அல்லது அமைதிக்குப் பதில் அலைச்சலா என்று அப்போதே தெரிந்துவிடும். மனிதர்களுக்கான கேபாபென்டின் திரவ மருந்தைத் தொடாதீர்கள். அதில் சைலிட்டால் இனிப்பு இருக்கக்கூடும், அது நாயின் ரத்தச் சர்க்கரையைச் சடாரென இறக்கும். கேப்ஸ்யூல் போதும். மனிதர்களுக்கான பதற்ற மாத்திரைகளில் இன்னொன்றான ஆல்ப்ரஸோலாமை உங்கள் நாய்க்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கடித்த நாய்க்கு அது தயக்கத்தையும் குறைத்துவிடலாம்.

கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் தடவும் டெக்ஸ்மெடிடோமிடின் பசையும் உண்டு. சத்தத்துக்கென்றே வந்த மருந்து. விழுங்கிவிட்டால் பலன் குறையும். கையுறை போட்டுத் தடவ வேண்டும். அமிட்ராஸ் உடம்பில் இருக்கும்போது இதையும் தவிர்க்க வேண்டும், இரண்டுமே இதயத் துடிப்பைக் குறைப்பவை.

தினசரி விதத்துக்கு ஃப்ளூயோக்ஸெடின். நாளுக்கு ஒருமுறை, கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி. முழுப் பலன் தெரிய 4 முதல் 8 வாரம் பிடிக்கும். இரண்டு வாரத்தில் பலனில்லை என்று விட்டுவிடுவதும், நன்றாகிவிட்டது என்று ஒரே நாளில் நிறுத்துவதும் தவறு. நிறுத்தும்போது ஒன்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு குறைத்து வர வேண்டும். முதல் வாரத்தில் பசி குறையும். வலிப்பு வரலாறு இருந்தால் முன்பே சொல்லுங்கள். மழைக்காலம் தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போதே ஆரம்பிக்க வேண்டிய மருந்து இது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 4 வயதுவரை இடிக்கு அசையாத நாய்க்குப் போன மழைக்காலத்தில் என்ன வந்தது? நடுவயதில் புதிதாக வரும் சத்தப் பயத்துக்குப் பின்னால் பலமுறை வலி இருக்கும். சத்தத்துக்குத் துள்ளும்போது தசை இறுகி, ஏற்கெனவே வலிக்கும் இடுப்பு இன்னும் வலித்தால், சத்தமும் வலியும் நாயின் மனதில் ஒட்டிக்கொள்ளும். எழும்போது பின்காலை இழுக்கிறதா, முன்பு ஏறிய திண்ணையில் இப்போது ஏறத் தயங்குகிறதா, தொடையை அழுத்தினால் திரும்பிப் பார்க்கிறதா, ஒரே பக்கமாகவே படுக்கிறதா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். காதையும் பார்க்கச் சொல்லுங்கள். வலி மருந்து எழுதினால் அது ட்ராமடாலா என்று கேளுங்கள். ஃப்ளூயோக்ஸெடினோடு அதையும் சேர்க்கக் கூடாது.

சங்கிலியை மழை நாளிலாவது அவிழ்த்துவிடுங்கள். ஓட வழியில்லாத நாய்க்கு எந்த மருந்தும் பாதிதான் வேலைசெய்யும், கழுத்துப் புண்ணும் ஆறாது. மழை நீர் தகரத்தில் அடிக்கும் கொட்டகையாக இருந்தால் அங்கே வைக்காதீர்கள். தடித்த சுவருள்ள, ஜன்னல் மூடிய ஒரு அறை, தரையில் பழகிய சாக்கு, தண்ணீர், ஓடும் மின்விசிறி. நல்ல வானிலை நாட்களிலேயே அந்த அறைக்குள் சாப்பாடு வைத்துப் பழக்குங்கள். இடிச் சத்தப் பதிவைக் காதில் விழுந்தும் விழாத அளவில் ஓடவிட்டு, பிடித்த தீனியைத் துண்டு துண்டாகக் கொடுங்கள். சாப்பிடுவதை நிறுத்தினால் சத்தம் அதிகம் என்று அர்த்தம், உடனே குறையுங்கள். அன்றன்றைய மழையில் எத்தனை மணிக்கு மருந்து, எத்தனை மணிக்கு இடி, சாப்பிட்டதா, நடுங்கியதா என்று ஒரு நோட்டில் எழுதிவந்தால், அளவை மாற்றும்போது மருத்துவர் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான்.