ஏ.ஐ.ஆர். தொகுதியை வீட்டுக்குத் தரவில்லை என்றால்

தம்பி, ஏற்காட்டிலிருந்து சேலம் வந்து சட்டம் படிக்கிறேன், நூலகத்தில் ஏ.ஐ.ஆர். (ஆல் இந்தியா ரிப்போர்ட்டர் என்ற தீர்ப்புத் தொகுப்பு) தொகுதிகளை வீட்டுக்குத் தருவதில்லை, மூட் கோர்ட்டுக்கு (மாதிரி நீதிமன்ற வாதத்துக்கு) எப்படித் தயாராவது என்று கேட்டிருந்தீர்கள்.

அவை ரெஃபரன்ஸ் நூல்கள், பொதுவாக வெளியே விடமாட்டார்கள். மேற்கோளை, அதாவது ஒரு தீர்ப்பு எந்தத் தொகுதியில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற குறிப்பை, படிக்கப் பழகினால் கடைசி பஸ்ஸுக்குள் வேலை முடியும். 'ஏ.ஐ.ஆர். 1978 எஸ்.சி. 597' என்றால் 1978-ஆம் ஆண்டுத் தொகுதி, உச்ச நீதிமன்றப் பகுதி, 597-ஆம் பக்கம். பிரித்தால் மேனகா காந்தி வழக்கு. மேலே இருக்கும் தலைக்குறிப்பு பதிப்பாசிரியர் எழுதியது, தீர்ப்பு அல்ல. அதை நம்பி வாதாடாதீர்கள், உள்ளே போய்ப் பத்தி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கின் பெயர் மட்டும் தெரிந்தால் நூலகரிடம் கேளுங்கள், கூச்சமே வேண்டாம்.

அப்புறம், மலையேறிய பிறகு உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்.சி.ஆர். இணையதளத்தில் அதன் தீர்ப்புகள் இலவசம்; சட்டங்களுக்கு இந்தியா கோட் என்ற அரசு இணையதளம். எஸ்.சி.சி. ஆன்லைன் என்ற தனியார் தீர்ப்புத் தேடல் தளத்துக்குக் கட்டணம் உண்டு. கல்லூரிச் சந்தா இருக்கிறதா, வீட்டிலிருந்து நுழையலாமா என்று நாளைக்கே விசாரியுங்கள்.