முழங்கால் வலியுள்ள தாயாருடன் காசி வழிகாட்டிச் சுற்றுலா

வணக்கம். எழுபது வயதான, முழங்கால் வலியுள்ள தங்கள் தாயாரைக் காசிக்கு அழைத்துச் செல்வதாகவும், வழிகாட்டி எல்லாப் படித்துறைகளையும் ஒரே காலையில் நடந்தே காட்டுவதாகக் கூறுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அதற்கு உடன்பட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. எண்பதுக்கும் மேற்பட்ட அந்தப் படித்துறைகளின் படிகள் செங்குத்தானவை, உயரம் சீராக இல்லாதவை, நீரருகே பாசி படிந்து வழுக்குபவை.

மாறாக, விடியுமுன் தென்கோடியிலுள்ள அஸ்ஸி துறையில் படகேறி, தகனத் துறையான மணிகர்ணிகை வரை சென்று திரும்பும்படி கேளுங்கள். காசி நகரம் கங்கையின் மேற்குக் கரையில் கிழக்கு நோக்கி அமைந்திருப்பதால், எதிர்க்கரையில் எழும் சூரியனின் முதல் ஒளி படித்துறைகளின் மீது நேராக விழுவதை அம்மா உட்கார்ந்தபடியே காணலாம். மணிகர்ணிகையில் சிதைகள் எரிந்துகொண்டிருக்கும். அங்கே படம் எடுக்காதீர்கள். தசாசுவமேத துறையின் மாலை ஆரத்தியையும் படகிலிருந்தே பார்க்கலாம். மழைக்காலத்தில் வெள்ளம் பெருகினால் படகுகளை நிறுத்திவிடுவார்கள் என்பதால், குளிர்காலப் பயணமே நல்லது.

விசுவநாதர் தரிசனத்தைத் தனியாக வைத்துக்கொண்டு, சக்கர நாற்காலி வசதியை முன்கூட்டியே விசாரியுங்கள். வலி அனுமதித்தால், பாரதியார் இளமையில் அத்தை வீட்டில் தங்கியிருந்த அனுமான் துறைப் பகுதிக்கும், குமரகுருபரர் நிறுவிய மடம் உள்ள கேதார துறைக்கும் தெரு வழியாகவே அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். அங்கே தமிழ்ப் பேச்சைக் கேட்டால் அம்மா மிகவும் மகிழ்வார். இந்த மாற்றங்களுக்கு வழிகாட்டி இசையவில்லையெனில், வேறொருவரைத் தேடுங்கள்.