நான்கு பேர் தூக்கினால்தான் நகரும் படகைக் கட்டாதீர்கள்

"எடையும் செலவும் குறைந்த சிறிய பாய்மரப் படகு ஒன்றை வீட்டிலேயே கட்ட முடியுமா? தச்சு வேலை தெரியாதவர்களுக்கு இது சாத்தியமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். நான் இரண்டு கட்டினேன். முதலாவது வீணாய்ப் போனது, இரண்டாவது ஐந்து ஆண்டுகளாக ஓடுகிறது. உங்களிடமும் ஒரு தாமான் (குடியிருப்பு) வீட்டின் கார் கொட்டகை, மாதச் சம்பளத்தில் மிஞ்சும் சிறு தொகை, ஞாயிற்றுக்கிழமைகள் ஆகியவைதான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன்.

நாங்கள் மலேசியாவில், பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங் பக்கம். சுற்றிலும் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்கள், ஊரை ஒட்டிப் பெர்னாம் ஆறு, அக்கரைக்குப் போனால் சிலாங்கூர் மாநிலம். அப்பா தோட்டத்தில் 31 ஆண்டுகள் தச்சராக இருந்தவர். முதல் படகை அவர் சொன்னபடிதான் கட்டினேன். 12 மில்லிமீட்டர் பிளைவுட், உள்ளே பெருவிரல் கனத்துக்கும் மேலான சட்டங்கள். கனம் இருந்தால்தான் உறுதி என்பது அவர் கணக்கு. கதவுக்கும் கட்டிலுக்கும் அது சரியான கணக்கு. முடித்தபின் செம்பனைக் குலை நிறுக்கும் தராசில் தொங்கவிட்டோம். முள் 104 கிலோவில் நின்றது. ஆற்றுக்குக் கொண்டுபோக நான்கு பேர் வேண்டும். வாரந்தோறும் நான்கு பேரை எங்கே தேடுவது? மூன்று முறை தண்ணீரில் இறங்கியது. அதன்பின் வீட்டுப் பின்புறத்தில் மழைநீர் பிடித்துக்கொண்டு கிடந்தது.

ஆகவே முதலில் எடையை முடிவு செய்யுங்கள், பிறகு படகை. 1947இல் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் சிறுவர்களுக்காக வரைந்த ஆப்டிமிஸ்ட் படகு 2.3 மீட்டர் நீளம், 35 கிலோ எடை. இன்றும் உலகம் முழுக்கப் பிள்ளைகள் அதில்தான் பாய் பிடிக்கப் பழகுகிறார்கள். பிரிட்டனில் 1960களின் தொடக்கத்தில் வந்த மிரர் படகு இன்னொரு வழியைக் காட்டியது. பலகைகளின் ஓரத்தில் துளையிட்டுச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளின்மேல் கண்ணாடி இழைப் பட்டையை ஒட்டிவிடுவது. கனத்த சட்டங்கள் வேண்டாம். மெல்லிய பலகையை வளைத்துத் தைத்தவுடனே அதற்கு விறைப்பு வந்துவிடுகிறது. தைப்பது நமக்குப் புதிதும் அல்ல. சோழமண்டலக் கரையில் மசூலாப் படகுகளைத் தென்னங்கயிற்றால் தைத்தே அலையில் இறக்கினார்கள்.

இரண்டாவது படகுக்கு எட்டுக்கு நான்கு அடி பிளைவுட் மூன்று தகடுகள், 6 மில்லிமீட்டர் கனம். ஒரு தகடு ஏறத்தாழ 10 கிலோ. "படகுக்கென்றே செய்யும் மரைன் பிளைவுட் இல்லாமல் படகா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு வசதி இருந்தால் வாங்குங்கள், நான் குறை சொல்லவில்லை. என்னிடம் அந்தப் பணம் இல்லை. பலகைக் கடைத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) மூன்று வகையில் கையகலத் துண்டுகள் கேட்டு வாங்கி, ஏடுகளை ஒட்டிய பசை தண்ணீருக்குத் தாங்குமா என்று பார்க்க வீட்டுப் பானையில் போட்டு இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டேன். ஒன்று ஏடு ஏடாகப் பிரிந்து, ஊறிய அட்டைபோல ஆனது. இன்னொன்றின் ஓரம் வாய் பிளந்தது. மூன்றாவதை நகத்தால் நெம்பினேன், அசையவில்லை. அதைத்தான் வாங்கினேன்.

பலகையில் மிச்சம் பிடியுங்கள், பசையில் பிடிக்காதீர்கள். இரண்டு திரவங்களைக் கலந்து இறுகவைக்கும் எப்பாக்சிப் பசை வேண்டும். மலிவாகக் கிடைக்கும் பாலியெஸ்டர் பிசின் மரத்தில் அப்படிப் பிடிப்பதில்லை. நம் ஊர் வெயிலில் இன்னொரு ஆபத்து உண்டு. ஒரு தடவை அரை லிட்டர் கலவையை வெட்டிய பாட்டிலில் வைத்துக்கொண்டு நின்றேன். சில நிமிடங்களில் பாட்டில் சூடேறி, என் கையிலேயே குழைந்து சாய்ந்தது. உள்ளே கலவை புகைந்து கல்லாகிவிட்டது. கொஞ்சமாகக் கலந்து, உடனே அகலத் தட்டில் பரப்பிவிடுங்கள். மறுபூச்சுக்கு முன் மேலே மெழுகுபோல ஒரு படிவு தெரிந்தால் தண்ணீரால் கழுவித் தேய்த்துவிடுங்கள். மூட்டுகளின் உள்வளைவை அப்பா சோற்றுக்கரண்டியின் பின்புறத்தால் இழைத்தார். மரத்தூள் கலந்த பசை அவர் கையில் வெண்ணெய்போல வழிந்து படிந்தது. அந்த வேலையை நான் எத்தனை முறை செய்தாலும் அவருடையதுபோல வராது.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்றாலும். ஓய்வு பெற்றதும் தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அதை எதிர்பார்த்திருந்தோம். ஆனால் பட்டறையிலிருந்த உளிப் பெட்டியையும் எடுக்கவிடவில்லை, தோட்டத்துச் சொத்து என்றார்கள். அந்தப் பெட்டியை அவரே மெராந்தி மரத்தில் இழைத்துச் செய்தார். உள்ளிருந்த இழைப்புளிகளில் இரண்டு என் தாத்தாவுடையவை. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஏட்டைக் காட்டினார், அப்பா எதுவும் பேசாமல் திரும்பி வந்துவிட்டார். பல ஆண்டுகள் ஆகியும் எனக்கு அது ஆறவில்லை.

பாய்க்கு நீலத் தார்ப்பாய் போதும், ஏறத்தாழ நான்கு சதுர மீட்டர். ஓரங்களை நேர்க்கோட்டில் வெட்டாதீர்கள். பாய்மரத்தோடு சேரும் விளிம்பை இலேசாக வெளிவளைவு கொடுத்து வெட்டினால்தான் பாய் வயிறு பிடித்து இழுக்கும், தட்டையாகக் கிடந்தால் தள்ளாடும். பாய்மரத்துக்கு முற்றிய மூங்கில். காற்றில் பக்கவாட்டாக நழுவாமலிருக்க, நடுவில் தண்ணீருக்குள் இறங்கும் ஒரு பலகை கட்டாயம் வேண்டும். இருக்கைகளின் அடியில் மூடி இறுக்கிய காலிப் பாட்டில்களை அடைத்துக் கட்டுங்கள். ஒரு லிட்டர் பாட்டில் ஏறத்தாழ ஒரு கிலோவை மிதக்கவைக்கும், கவிழ்ந்தாலும் படகு அடியில் போகாது. அன்று மொத்தச் செலவு 700 வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடிந்தது. அதே தராசில் 39 கிலோ. நானும் மகனும் ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கிவிடுகிறோம்.

கடலுக்குப் போங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மிதவை அங்கி இல்லாமல் என் படகில் யாரும் ஏறியதில்லை. மலாக்கா நீரிணையிலிருந்து விடியற்காலையில் அடித்துவரும் சுமத்ராக் காற்றுக்கு இந்தப் படகு தாங்காது. நாங்கள் பிற்பகல் கடற்காற்றில், ஆற்றில் நீர் ஏறும் நேரம் பார்த்துத்தான் இறங்குகிறோம். வற்றும் நேரத்தில் போனால் சேற்றில் மாட்டிக்கொள்வீர்கள்.

முதல் நாள் அப்பாவைத்தான் ஏற்றினேன், அவருக்கு 71 வயது. பாய்க்கயிற்றை வாங்கி இடது உள்ளங்கையில் ஒரே சுற்றாகப் பிடித்துக்கொண்டார். "எங்காவது கட்டிவைக்கலாமே அப்பா" என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார். அவர் செய்ததுதான் சரி. காற்று திடீரென்று வலுத்தால் கயிற்றை நழுவவிட்டால் போதும், பாய் தளர்ந்துவிடும். கட்டிவைத்திருந்தால் முடிச்சை அவிழ்ப்பதற்குள் படகு கவிழ்ந்துவிடும்.