டிஎன்எஸ் நிரலாக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பெயரைக் கொடுத்தால் டிஎன்எஸ் என்ற இணையப் பெயரேட்டில் பார்த்து ஐபி முகவரி தர கெட்அட்ரின்ஃபோ இருக்கிறதே. பிறகு அந்த ஏட்டை நேரடியாகக் கேட்கும் ரெஸ்_குவெரி எதற்கு? எனக்கு ஒரு டொமைனின் எம்எக்ஸ் ரெக்கார்டு (அதன் மின்னஞ்சலை ஏற்கும் சேவையகத்தைச் சொல்லும் பதிவு) வேண்டும். சி மொழியில் எழுதுகிறேன்.

பதில்: கெட்அட்ரின்ஃபோ முகவரிக்கு மட்டும்தான். எம்எக்ஸ், டெக்ஸ்ட் (உரை), எஸ்ஆர்வி (சேவை இருக்குமிடம்) போன்ற ரெக்கார்டுகள் வேண்டுமென்றால் ரிசால்வர் லைப்ரரியை நேரடியாகக் கூப்பிட வேண்டும். முதலில் ரிசால்வரின் அமைப்புகளை வைத்திருக்கும் ஸ்டேட் ஸ்ட்ரக்சரைப் பூஜ்ஜியமாக்கி ரெஸ்_என்இனிட். அடுத்து ரெஸ்_என்குவெரி (ஸ்டேட்டை நாமே கொடுக்கும் ரெஸ்_குவெரி). வந்த பதிலை என்எஸ்_இனிட்பார்ஸிடம் கொடுத்து, ஆன்சர் பகுதியில் எத்தனை ரெக்கார்டு என்று எண்ணி, ஒவ்வொன்றையும் என்எஸ்_பார்ஸ்ஆர்ஆர் மூலம் எடுங்கள். வகை எம்எக்ஸ்தானா என்று ஒவ்வொன்றிலும் பாருங்கள். சிநேம் (மாற்றுப்பெயர்) ரெக்கார்டும் அதே பகுதியில் கலந்து வரும். முடிந்ததும் ரெஸ்_என்குளோஸ். லிங்க் செய்யும்போது ரிசால்வ் லைப்ரரியைக் கட்டளையின் கடைசியில் சேருங்கள். சோர்ஸ் கோப்புக்கு முன்னால் போட்டால் "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்" என்று லிங்கர் நிற்கும்.

இதில் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம், ரெக்கார்டின் தரவிலிருந்து பெயரை எடுப்பது. எக்ஸாம்பிள்.காம் பற்றிக் கேட்டு, மெயில்.எக்ஸாம்பிள்.காம் என்ற பதில் முன்னுரிமை 10 உடன் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தரவுப் பகுதியில் இருப்பவை ஒன்பதே பைட்டுகள்: 0, 10, 4, பிறகு மெயில் என்பதன் நாலு ஆங்கில எழுத்துகள், கடைசியில் 192, 12. முதல் இரண்டு பைட் முன்னுரிமை எண். 4 என்பது அடுத்து வரும் லேபிளின் (புள்ளிகளுக்கு இடைப்பட்ட பெயர்த் துண்டின்) நீளம். ஒரு லேபிள் 63 பைட்டைத் தாண்டாது என்பதால், 192 நீளமாக இருக்க முடியாது. மேல் இரண்டு பிட்டும் 1 ஆக இருந்தால் அது சுட்டி. மிச்சமுள்ள 14 பிட், செய்தியின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட் என்று சொல்கிறது. இங்கே 12. ஹெடர் சரியாக 12 பைட், அதற்கடுத்து கேள்விப் பெயர் தொடங்குகிறது. எக்ஸாம்பிள்.காம் அங்கே ஏற்கெனவே இருப்பதால் மறுபடி எழுதவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே தரவை ஸ்டிரிங்காக நகலெடுத்தால் குப்பைதான் வரும். டிஎன்_எக்ஸ்பாண்டைப் பயன்படுத்துங்கள். அதற்கு முழுச் செய்தியின் தொடக்கம், முழுச் செய்தியின் முடிவு, பெயர் தொடங்கும் இடம் (எம்எக்ஸில் தரவின் மூன்றாவது பைட்) என்ற மூன்றையும் கொடுக்க வேண்டும். முதல் இரண்டு இடத்தில் ரெக்கார்டின் எல்லைகளைக் கொடுப்பது மிகப் பரவலான தவறு. சுட்டி எங்கே போவதென்று தெரியாமல் -1 வரும். வெளியீட்டு பஃபர் 1025 பைட் இருக்கட்டும். பெயர் வலையில் போகும் வடிவில் 255 பைட்டுக்குள் அடங்கினாலும், அச்சிட முடியாத ஒரு பைட் எழுத்தாகும்போது பின்சாய்வுக்கோடும் மூன்று இலக்கமுமாக நாலு இடம் பிடிக்கும்.

கேள்வி: ரெஸ்_குவெரி -1 கொடுத்தால் "டொமைன் இல்லை" என்று பயனருக்குச் சொல்கிறோம். சில நாள் இருக்கிற டொமைனுக்கும் அப்படி வருகிறது. ஏன்?

பதில்: -1 என்பதற்கு அது அர்த்தமில்லை. ஹெச்_எர்நோ என்ற பிழை எண்ணைப் பாருங்கள் (ரெஸ்_என்குவெரி என்றால் ஸ்டேட் ஸ்ட்ரக்சரில் உள்ள ரெஸ்_ஹெச்_எர்நோ). 1 என்றால் பெயரே இல்லை. 2 என்றால் சேவையகம் பதில் தரவில்லை அல்லது தானே தடுமாறுகிறது. சற்றுக் கழித்துக் கேட்க வேண்டும். 3, மறுபடி கேட்டும் பயனில்லாத பிழை. 4, பெயர் இருக்கிறது, நீங்கள் கேட்ட வகை ரெக்கார்டுதான் இல்லை. இருக்கிற டொமைனை இல்லை என்று சொன்ன நாட்களில் உங்களுக்கு வந்தது பெரும்பாலும் 2 ஆகத்தான் இருக்கும். மின்னஞ்சல் அனுப்பும் நிரலில் இந்த வேறுபாடு உயிர்நாடி: 2 வந்தால் கடிதத்தை வரிசையில் வைத்திருக்க வேண்டும், திருப்பி அனுப்பக் கூடாது. எம்எக்ஸ் கேட்டு 4 வந்தால், அந்தப் பெயரின் நேர் முகவரிக்கே அனுப்பிப் பார்க்க வேண்டும் என்பது மின்னஞ்சல் அனுப்பும் நெறியான எஸ்எம்டிபியின் விதி.

கேள்வி: ஒவ்வொரு தேடலும் சரியாக 5 வினாடி தாமதமாகிறது. பதில் என்னவோ சரியாகவே வருகிறது.

பதில்: அந்த 5 தற்செயல் இல்லை. டிஎன்எஸ் சேவையகங்களைப் பட்டியலிடும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் வேறு எதுவும் சொல்லாவிட்டால் லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி ஒரு சேவையகத்துக்காக 5 வினாடி காத்திருக்கும், மொத்தம் இரண்டு சுற்று. முதல் வரியிலுள்ள சேவையகம் செத்திருந்தால், ஒவ்வொரு தேடலும் அதனிடம் 5 வினாடி நின்றுவிட்டுத்தான் இரண்டாவதற்குப் போகும். டிக் கருவியால் ஒவ்வொரு சேவையகத்தையும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். கோப்பில் மூன்று சேவையகத்துக்கு மேல் எழுதினால் மிச்சத்தை ஜிலிப்சி கண்டுகொள்ளாது.

எல்லாம் உயிரோடு இருந்தால் அடுத்த சந்தேகம் ஃபயர்வால். கெட்அட்ரின்ஃபோ ஏ (ஐபிவி4 முகவரி), குவாட்-ஏ (ஐபிவி6 முகவரி) வினவல் இரண்டையும் ஒரே சாக்கெட்டில் அடுத்தடுத்து அனுப்புகிறது. சில சாதனங்கள் இரண்டாவது பதிலைத் தொலைத்துவிடும். ரிசால்வ்.கான்ஃபின் ஆப்ஷன்ஸ் வரியில் சிங்கிள்-ரிக்வெஸ்ட்-ரீஓபன் சேர்த்துத் தாமதம் மறைகிறதா என்று பாருங்கள்.

குபர்நெட்டிஸ் போட்களில் (கன்டெய்னர் தொகுதிகளில்) தாமதம் என்றால் அதே கோப்பின் என்டாட்ஸ் எண்ணைக் கவனியுங்கள். வழக்கமான மதிப்பு 1, அங்கே 5. பெயரில் ஐந்து புள்ளிக்குக் குறைவாக இருந்தால் தேடல் பட்டியலிலுள்ள ஒவ்வொரு டொமைனையும் ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் உண்மைப் பெயரைக் கேட்கும். பட்டியலில் மூன்று இருந்தால் நாலு முறை, ஏ, குவாட்-ஏ என்று எட்டு வினவல். பெயரின் கடைசியில் ஒரு புள்ளி வைத்தால் எட்டு இரண்டாகும். ரெஸ்_சர்ச்சும் இப்படித்தான் பட்டியலைப் பார்க்கும். ரெஸ்_குவெரி கொடுத்த பெயரை அப்படியே கேட்கும்.

கேள்வி: 512 பைட் பஃபர் போதும் என்று பழைய நூலில் படித்தேன். நீளமான டெக்ஸ்ட் ரெக்கார்டுகள் பாதியில் நிற்கின்றன.

பதில்: 1987இல் வந்த ஆர்எஃப்சி 1035 என்ற டிஎன்எஸ் வரையறையில் யுடிபிக்கு (இணைப்பு ஏற்படுத்தாமல் பொட்டலமாக அனுப்பும் முறைக்கு) விதித்த எல்லை அது. பதில் அடங்காவிட்டால் சேவையகம் "வெட்டப்பட்டது" என்று சொல்லும் டிசி பிட்டை ஏற்றி அனுப்பும், லைப்ரரி அதைப் பார்த்து டிசிபியில் (இணைப்பு ஏற்படுத்தி அனுப்பும் முறையில்) மறுபடி கேட்கும். டிசிபி பதில் 65,535 பைட் வரை போகலாம். அந்த அளவுக்கே பஃபர் எடுங்கள், திரும்பி வந்த நீளத்தை அதனோடு ஒப்பிடாமல் ஒரு பைட்டையும் தொடாதீர்கள். லைப்ரரி எழுதியவர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள்: 2016 பிப்ரவரியில் வெளியான ஜிலிப்சி பாதுகாப்பு ஓட்டை, கெட்அட்ரின்ஃபோ ஸ்டாக்கில் எடுத்திருந்த 2,048 பைட் பஃபரைப் பெரிய பதில் தாண்டியதால் வந்ததுதான். 53ஆம் போர்ட்டில் யுடிபியை மட்டும் திறந்துவைத்து டிசிபியை அடைத்திருந்தாலும் பெரிய பதில்கள் வராது, அதையும் பாருங்கள்.

டெக்ஸ்ட் ரெக்கார்டில் இன்னொரு கண்ணி. ஒரே ரெக்கார்டுக்குள் பல துண்டுகள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பைட் நீளம், அதிகபட்சம் 255. முதல் துண்டோடு நிறுத்திவிட்டால் மின்னஞ்சல் கையொப்பத்தைச் சரிபார்க்கும் டிகேஐஎம் சாவி பாதியில் வெட்டுப்படும். தரவு முடியும்வரை படித்து, இடையில் இடைவெளி விடாமல் ஒட்டுங்கள்.

கேள்வி: பல த்ரெட்கள் உள்ள நிரலில் ரெஸ்_குவெரி பாதுகாப்பானதா?

பதில்: ஜிலிப்சியில் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி ஸ்டேட் இருப்பதால் சிக்கல் இல்லை. வேறு கணினிகளிலும் ஓட வேண்டுமென்றால் ரெஸ்_என் என்று தொடங்கும் ஃபங்ஷன்களையே பயன்படுத்தி, த்ரெட்டுக்கு ஒரு ஸ்டேட் வையுங்கள். எதுவானாலும் பதில் வரும்வரை அந்த த்ரெட் நிற்கும். ஈவென்ட் லூப் வைத்து எழுதுகிறவர்கள் த்ரெட்டை நிறுத்தாமல் கேட்கும் சி-ஏரெஸ் லைப்ரரிக்குப் போவது நல்லது.