மகள் கேட்பது தண்டனை நீக்கமா, கடைத் திறப்பா?

கேள்வி: என் தம்பி ஹெராயின் பழக்கத்தால் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. கொஞ்சம் கையில் வைத்திருந்ததற்காகப் பிடிபட்டு, ஏழு மாதம் சிறையில் இருந்து, வெளியே வந்த எட்டாம் நாள் போய்ச் சேர்ந்தான். பூட்டிய அறைக்குள் தனியாகக் கிடந்தான். இப்போது சட்டம் படிக்கும் என் மகள், போதைப்பொருள் தடைச் சட்டங்களை நீக்க வேண்டும் என்று கல்லூரிக் கருத்தரங்கில் பேசப்போகிறாள். "உன் தாய்மாமனைக் கொன்றதைக் கடையில் வைத்து விற்கச் சொல்கிறாயா?" என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து எங்களுக்குள் சரியான பேச்சில்லை. இந்தச் சட்டங்களை எடுத்துவிட்டால் சமூகம் கெட்டுப்போகாதா? அவள் சொல்வதில் ஏதாவது நியாயம் உண்டா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: "வெளியே வந்த எட்டாம் நாள்" என்று எழுதியிருக்கிறீர்கள், சகோதரி. பதிலை அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

ஹெராயின், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகைப் பொருள்களை நாள்தோறும் எடுப்பவரின் உடல் அவற்றைத் தாங்கப் பழகிவிடும். முதலில் போதுமாக இருந்த அளவு பிறகு போதாது. அளவு ஏறிக்கொண்டே போகும். சில வாரங்கள் எடுக்காமல் இருந்தால் அந்தத் தாங்குதிறன் இறங்கிவிடும், ஏக்கம் மட்டும் இறங்காது. கையும் மனமும் பழைய அளவையே நினைவில் வைத்திருக்கும். சிறையிலிருந்து வந்தவர் அந்தப் பழைய அளவைப் போட்டுக்கொண்டால், மூச்சை இயக்கும் மூளைப்பகுதி அடங்கிவிடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 2007இல் வெளிவந்தது. விடுதலைக்குப் பிந்தைய முதல் இரண்டு வாரங்களில், போதைப்பொருள் அளவு மீறி இறக்கும் அபாயம் அவர்களுக்கு மற்ற மக்களைவிட 129 மடங்கு இருந்தது.

ஆகவே உங்கள் தம்பியின் சாவில் ஹெராயினுக்குப் பங்கு உண்டு. அவரைச் சிறைக்கு அனுப்பியதற்கும், மருந்தோ துணையோ இல்லாமல் வெளியே விட்டதற்கும் பங்கு உண்டு. நீங்கள் முதலாவதை நினைத்து அஞ்சுகிறீர்கள். மகள் பேச வருவது பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றி இருக்கும். கேட்டுப் பாருங்கள்.

ஏனென்றால் "தடையை நீக்குவது" என்று பொதுவாகச் சொன்னாலும், அதற்குள் வெவ்வேறு காரியங்கள் அடங்கியிருக்கின்றன. சொந்தப் பயன்பாட்டுக்குச் சிறிதளவு வைத்திருப்பவரைக் குற்றவாளியாக்காமல் விடுவது ஒன்று. அங்கே விற்பனையும் கடத்தலும் குற்றமாகவே நீடிக்கும். மருத்துவர் கண்ணெதிரே அந்தப் பொருளையே மருந்தாகக் கொடுப்பது இன்னொன்று. உரிமம் பெற்ற கடையில் பெரியவர்களுக்கு விற்பது மூன்றாவது. இவை ஒவ்வொன்றின் விளைவும் வேறு. மூன்றையும் ஒரே பெயரில் வைத்துச் சண்டையிடுவதால்தான் வீட்டிலும் சட்டமன்றத்திலும் பேச்சு முறிகிறது.

முதலாவதற்குப் பலரும் சொல்லும் எடுத்துக்காட்டு போர்ச்சுகல். 1990களில் அந்நாட்டில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் ஹெராயின் பிடியில் இருந்தார். 2001 ஜூலை 1 முதல், ஒருவர் பத்து நாளுக்குப் பயன்படுத்தக்கூடிய அளவுவரை வைத்திருப்பது குற்றவியல் குற்றம் அல்ல என்றாயிற்று. கஞ்சா என்றால் 25 கிராம், கொக்கைன் 2 கிராம், ஹெராயின் 1 கிராம். அப்போதும் போலீஸ் பொருளைப் பறிமுதல் செய்யும். ஆளைச் சிறைக்கு அனுப்பாமல் மூன்று பேர் கொண்ட குழுவின் முன் வரச் சொல்லும். சட்டம், உடல்நலம், சமூகப்பணி தெரிந்தவர்கள் அதில் இருப்பார்கள். அடிமைப்பட்டவர் என்றால் சிகிச்சைக்கு வழிகாட்டுவார்கள். எப்போதோ தொட்டவர் என்றால் எச்சரித்து அனுப்புவார்கள். பலரும் பயந்ததுபோல நாடு போதையில் மூழ்கவில்லை. ஊசி மூலம் புதிதாக எச்ஐவி தொற்றியவர்கள் 2001இல் ஆயிரத்துக்கு மேல் இருந்தார்கள். பிற்காலத்தில் ஆண்டுக்குச் சில பத்துப் பேராகக் குறைந்தார்கள்.

ஆனால் இதைச் சட்டத் திருத்தத்தின் வெற்றி என்று மட்டும் மகள் பேசினால், நீங்கள் தயங்காமல் மறுக்கலாம். அதே காலத்தில் அந்த நாடு மெத்தடோன் சிகிச்சையையும் (ஹெராயினுக்குப் பதிலாக மருத்துவர் மேற்பார்வையில் கொடுத்து ஏக்கத்தை அடக்கும் மருந்து அது), தெருவில் இறங்கி வேலை செய்யும் குழுக்களையும், பழைய ஊசியைக் கொடுத்துப் புது ஊசி வாங்கும் வசதியையும் பெருக்கியது. 2012இல் சிக்கன நடவடிக்கையில் இந்த வேலையை ஒருங்கிணைத்த தேசிய நிறுவனத்தைக் கலைத்து, பொறுப்பை வட்டார நிர்வாகங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு நகரங்களில் பொது இடப் பயன்பாடு பற்றிய புகார்கள் மீண்டும் எழுந்தன. தண்டனையை நீக்கிய சட்டம் அப்படியே இருந்தது. தாங்கி நின்ற சேவைதான் மெலிந்தது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வரிசை தலைகீழாகப் போயிற்று. 2020 நவம்பரில் மக்கள் வாக்களித்து, 2021 பிப்ரவரி 1 முதல் சிறிதளவு வைத்திருப்பதற்கான சிறைத் தண்டனையை எடுத்தார்கள். அதற்குப் பதில் 100 டாலர் அபராதச் சீட்டு. ஒரு தொலைபேசி எண்ணை அழைத்து உடல்நலப் பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டால் அபராதம் தள்ளுபடி. அழைத்தவர்கள் மிகச் சிலர். அபராதம் கட்டாவிட்டாலும் ஒன்றும் நடக்கவில்லை என்பதால் சீட்டுக்கு மதிப்பில்லாமல் போனது. சிகிச்சைக்கு ஒதுக்கிய பணம் தாமதமாகவே சேவை மையங்களைச் சென்றடைந்தது. போதாக்குறைக்கு அதே சமயத்தில் ஃபென்டனில் என்ற மிக வீரியமான செயற்கை ஓபியாய்டு அந்தப் பகுதிக்குள் பரவியது. அந்தப் பரவலைக் கணக்கில் எடுத்த ஆய்வுகள், சாவுகள் கூடியதற்குச் சட்டமே காரணம் என்று காட்டவில்லை. ஆனாலும் தெருவில் மக்கள் கண்டது பொறுமையைத் தீர்த்துவிட்டது. 2024 செப்டம்பர் 1 முதல் தண்டனை திரும்ப வந்தது.

சிகிச்சை இடங்களைத் தயார் செய்துவிட்டுத்தான் தண்டனையில் கைவைக்க வேண்டும். "இன்று உதவி கேட்டால் எத்தனை நாளில் கிடைக்கும்?" என்ற கேள்விக்குப் பதில் வாரக்கணக்கில் இருந்தால் திருத்தம் தோற்கும். அடிமைப்பட்டவர் சரி என்று சொல்லும் மனநிலை சில மணி நேரம்தான் நிற்கும்.

அளவு வரம்பும் பலர் கவனிக்காத பொறி. மெக்சிகோ 2009இல் இதேபோன்ற திருத்தம் செய்தது. கொக்கைனுக்கு அரை கிராம், ஹெராயினுக்கு 50 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. வாங்குபவர் அவ்வளவு சிறிதாக வாங்குவது அரிது. அதற்கு மேல் வைத்திருந்தால் சில்லறை வியாபாரி என்ற பிரிவு பாயும். தாளில் தண்டனை நீங்கியது, நடைமுறையில் பயன்படுத்துபவரே விற்பவராகக் கணக்கிடப்பட்டார்.

இரண்டாவது வழிக்கு சுவிட்சர்லாந்தைப் பாருங்கள். சூரிக் நகரப் பூங்கா ஒன்றில் ஆயிரக்கணக்கானோர் வெளிப்படையாக ஊசி போடுவதைக் கண்டும் காணாமல் விட்டுப்பார்த்தார்கள். நிலைமை கைமீறியதும் 1992இல் பூங்காவை மூடினார்கள். கூட்டம் வேறிடத்துக்கு நகர்ந்தது. 1994 முதல், மற்ற சிகிச்சைகள் பலிக்காத நோயாளிகளுக்கு மருந்துத் தரமுள்ள ஹெராயினைச் சிகிச்சை மையத்திலேயே, செவிலியர் கண்ணெதிரே கொடுக்கத் தொடங்கினார்கள். வீட்டுக்கு எடுத்துப் போக முடியாதபடி ஆரம்பித்த ஏற்பாடு அது. தூய்மை தெரியும், அளவு தெரியும், மூச்சு தடுமாறினால் அருகில் ஆள் இருப்பார். அடுத்த பொட்டலத்துக்காகத் திருட வேண்டியதும் இல்லை. 2008 நவம்பர் 30 அன்று இதைச் சட்டத்தில் நிலைநிறுத்த 68 விழுக்காட்டினர் ஆதரவாக வாக்களித்தார்கள். அதே நாளில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கும் முன்மொழிவை அதே மக்கள் பெரும்பான்மையாக நிராகரித்தார்கள். நோயாளிக்கு மருந்து கொடுப்பதும் கடை திறப்பதும் ஒன்றல்ல என்று அந்த வாக்காளர்கள் தெளிவாகப் பிரித்துப் பார்த்தார்கள்.

உங்கள் பயம் முழு வலுவோடு நிற்பது மூன்றாவதில்தான். அதை யாரும் சிரித்து ஒதுக்க விடாதீர்கள். எளிதில் கிடைத்து, விலை குறைந்து, விளம்பரமும் சேர்ந்தால் பயன்பாடு கூடும். மது உலகளவில் 2019இல் 26 லட்சம் பேரைக் கொன்றது. புகையிலை ஆண்டுதோறும் எழுபது லட்சத்துக்கும் மேல் கொல்கிறது. இரண்டும் பெரும்பாலான நாடுகளில் சட்டபூர்வமானவை. 1996இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஆக்சிகான்டின் என்ற வலி மாத்திரையும் மருத்துவர் சீட்டில் கிடைத்த சட்டபூர்வ ஓபியாய்டுதான். அடிமைப்படுத்தும் ஆபத்தைக் குறைத்துக் காட்டி அதை விற்றதாக, தயாரித்த நிறுவனம் 2007இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் பல ஊர்கள் சீரழிந்திருந்தன. அந்த நாட்டின் ஓபியாய்டுக் கொள்ளைநோய் லாபம் தேடிய விற்பனையில் தொடங்கியது என்பதை உங்கள் மகள் தன் பேச்சில் மறைக்கக் கூடாது.

கஞ்சாவை 2018 அக்டோபர் 17 அன்று சட்டபூர்வமாக்கிய கனடா, உண்ணும் வகைப் பொட்டலம் ஒன்றில் டிஎச்சி என்ற போதைக்கூறு 10 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பிட்டது. காரணம் எளிது. புகையாக இழுத்தால் நிமிடங்களில் தெரியும். தின்றால் அரை மணி முதல் இரண்டு மணி நேரம்வரை ஆகும். ஒன்றும் ஏறவில்லையே என்று இரண்டாவதைத் தின்பவர்தான் மருத்துவமனைக்கு வருகிறார். வரம்பு வைத்தும் இன்னொரு கேடு நேர்ந்தது. மிட்டாய், சாக்லேட் வடிவில் வீட்டில் இருந்ததைச் சிறு குழந்தைகள் தின்று மருத்துவமனைக்கு வருவது கூடியது. மிட்டாய் வடிவத்தையே தடுத்த கியூபெக் மாகாணத்தில் அந்த உயர்வு குறைவாக இருந்தது. ஒரே நாடு, ஒரே பொருள். எந்த வடிவில் விற்கலாம் என்ற ஒற்றை விதி குழந்தைகளைக் காத்தது.

அப்படியென்றால் எல்லாம் தடையாகவே இருக்கட்டும் என்று சொல்லத் தோன்றும். தடைக்கும் ஒரு விலை உண்டு. அமெரிக்கா 1920 முதல் 1933 வரை மதுவைத் தடைசெய்தது. முதல் ஆண்டுகளில் குடி வெகுவாகக் குறைந்தது, கல்லீரல் சாவுகளும் குறைந்தன. தடையின் இந்தப் பயனையும் மறைக்கக் கூடாது. ஆனால் கடத்துபவருக்கு பீர் பீப்பாய் பெரும் சுமை, சாராயப் புட்டி சிறியது. ஆகவே கடுமையான சரக்கே சந்தையை நிரப்பியது. மெத்தனால் கலந்த தொழிற்சாலை ஆல்கஹாலும் புட்டிகளுக்குள் போய்ப் பலரைக் கொன்றது. இன்று ஃபென்டனில் அதே வழியில் வந்திருக்கிறது. ஹெராயினைவிட ஏறத்தாழ 50 மடங்கு வீரியம். 2 மில்லிகிராமே பழக்கமில்லாத ஒருவரைக் கொல்லப் போதும். கடத்துபவருக்கு அது வசதி. வாங்குபவருக்குத் தன் பொட்டலத்தில் அது எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரிய வழியே இல்லை.

சில சட்டப் பிரிவுகளை மட்டும் எந்த ஊரிலும் துணிந்து எடுக்கலாம். ஊசி வைத்திருப்பதைக் குற்றமாக்குவது அவற்றில் முதலாவது. 1980களில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் போலீஸ் ஊசிகளைப் பறிக்க, ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்தார்கள். 1986இல் அங்கே ஒரு மருத்துவரிடம் வந்த, போதை ஊசி போட்டுக்கொள்பவர்களைப் பரிசோதித்தபோது ஏறத்தாழ பாதிப் பேருக்கு எச்ஐவி இருந்தது. இன்னொன்று, மயங்கிக் கிடப்பவருக்காக ஆம்புலன்ஸை அழைத்தவரையே வழக்கில் சேர்ப்பது. அந்தப் பயத்தில்தான் நண்பர்கள் ஓடிவிடுகிறார்கள், பலர் பூட்டிய அறையில் தனியாகச் சாகிறார்கள்.

மகளிடம் பேசும்போது பொதுவாக "நீக்கலாமா, கூடாதா" என்று கேட்காதீர்கள். எந்தப் பொருள், எந்தப் பிரிவு, எத்தனை கிராம்வரை என்று கேளுங்கள். யார் விற்பார், எந்த வடிவில், விளம்பரம் உண்டா என்று கேளுங்கள். மெத்தடோன் கொடுப்பார்கள் என்று சொன்னால் எவ்வளவு என்று கேளுங்கள். பெரும்பாலோருக்கு நாளொன்றுக்கு 60 முதல் 120 மில்லிகிராம் தேவைப்படும். ஆரம்பத்தில் 20, 30இல் தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டும். அங்கேயே நிறுத்திவிட்டால் ஏக்கம் அடங்காமல் ஆள் தெருவுக்குத் திரும்பிவிடுவார்.

சிறையிலிருந்து வெளியே விடும் நாளில் என்ன கொடுத்தனுப்புவார்கள் என்பதையும் கேளுங்கள். இங்கிலாந்துச் சிறைகளில் மெத்தடோன் அல்லது அதைப் போன்ற மாற்று மருந்தான புப்ரெனார்ஃபின் சிகிச்சையில் இருந்தபடியே விடுதலையானவர்களிடையே முதல் மாதச் சாவுகள் 75 விழுக்காடு குறைவாக இருந்ததாக 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. சிறை மருத்துவர் தொடங்கிய மருந்து மறுநாள் வெளியே தொடர வேண்டும். ஓபியாய்டின் வேலையைத் தடுத்து மூச்சைத் திருப்பும் நலோக்சோன் என்ற மருந்தின் மூக்குத் தெளிப்பானும் கையோடு போக வேண்டும். வீட்டில் இருப்பவருக்கும் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்: உதடு நீலம் பாய்ந்து, கண்மணி குண்டூசித் தலையாகச் சுருங்கி, தட்டினாலும் எழாவிட்டால் முதலில் ஆம்புலன்ஸை அழைக்கவும், ஒரு நாசியில் 4 மில்லிகிராம் தெளிக்கவும், ஐந்து விநாடிக்கு ஒரு முறை வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதவும், இரண்டு மூன்று நிமிடத்தில் அசைவு இல்லையென்றால் மறு நாசியில் இன்னொன்று. மூச்சு திரும்பியதும் ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனிருக்கவும். நலோக்சோனின் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் தீர்ந்துவிடும், ஹெராயின் அதற்குப் பிறகும் உடலில் இருக்கக்கூடும். எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று தனியே விட்டுப் போனால் மீண்டும் மூச்சு நிற்கலாம்.

இவற்றில் ஒன்றும் உங்கள் தம்பிக்குக் கிடைக்கவில்லை. உங்களிடமும் யாரும் சொல்லவில்லை. கருத்தரங்கில் பேசும் முன் அந்த எட்டு நாட்களைப் பற்றி உங்கள் வாயிலிருந்து மகள் கேட்கட்டும். அவர் என்று வந்தார், யார் வீட்டில் இருந்தார்கள், மருந்து ஏதும் கொடுத்தனுப்பினார்களா என்பதையெல்லாம் சொல்லுங்கள்.