அம்மாவின் விரல் படம் மங்கியதற்குக் காரணம்

அசதியாக இருக்கும் அம்மாவுக்குக் காலையில் எடுத்த கிர்லியன் படத்தில் விரலைச் சுற்றி ஒளி அடர்த்தியாக இருந்தது, மாலையில் மங்கிவிட்டது, "ஆரா (உடலைச் சுற்றி இருப்பதாகச் சொல்லப்படும் ஒளி) குறைந்துவிட்டது" என்று படம் எடுத்தவர்கள் சொல்லிவிட்டார்கள் என எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து பயப்படாதீர்கள்.

1939-இல் சோவியத் ரஷ்யாவின் கிராஸ்னதார் நகரில் செம்யோன் கிர்லியன் கண்ட முறை இது. உயர் மின்னழுத்தத் தகட்டில் பொருளை வைத்தால் விளிம்பிலுள்ள காற்று அயனியாகி ஒளிரும். நாணயத்துக்கும் அதே ஒளிவட்டம் வரும். படத்தை அதிகம் மாற்றுவது விரலின் ஈரம்தான் என்று 1976-இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு காட்டியது. துடைத்த விரல், வியர்த்த விரல் இரண்டையும் அடுத்தடுத்து எடுக்கச் சொல்லுங்கள், நீங்களே பார்ப்பீர்கள். அம்மாவுக்கு பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) இருந்தால் அந்தச் சோதனையும் வேண்டாம்.

அசதி என்றீர்களே, அதுதான் எனக்குக் கவலை. இந்தப் படங்களுக்குக் கொடுக்கும் பணத்தில் அம்மாவை டாக்டரிடம் காட்டி ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு பாருங்கள்.