கன்றின் கழுத்துக்குக் கயிறு

கேள்வி: கன்றுக்குட்டியைக் கட்ட ஹட்டனில் தும்புக் கயிறு வாங்கினோம். இப்போது கழுத்தில் மயிர் உதிர்ந்து தோல் சிவந்து கிடக்கிறது. கயிற்றை அவித்தால் மெதுவாகுமா?
– வாசகி ஒருவர், பொகவந்தலாவை

பதில்: முதலில் அதை அவிழ்த்துவிடுங்கள், தங்கச்சி. சிவப்பு ஆறும்வரை கன்று பட்டிக்குள் சும்மா நிற்கட்டும்.

தும்பை ஒரு நாள் முழுக்க அவித்தாலும் தும்புதான். அந்த நாரிலே இருக்கிற விறைப்பு கொதிநீருக்கு இளகாது. ஆனால் மழையில் சட்டென்று மக்காது. ஆகவே முளைப்பக்கத்துக்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள். கழுத்துக்குப் பெருவிரல் பருமனில் சணல் கயிறு நாலு முழம் வாங்குங்கள்.

புதுச் சணலில் ஒரு மண்ணெண்ணெய் வாடை வரும். ஆலையில் நாரைப் பதப்படுத்தத் தடவும் எண்ணெய்தான் அது. அது போகத்தான் அவிக்கிறோம். இரண்டு நுனியையும் நூலால் இறுக்கிச் சுற்றிவிட்டு, சமைக்காத பழைய பானையில் கொஞ்சம் சவர்க்காரம் சீவிப்போட்டு முக்கால் மணி நேரம் கொதிக்கவிடுங்கள். தண்ணீர் சாயத் தேத்தண்ணி மாதிரி ஆகும். அப்புறம் பீலியில் நன்றாக அலசுங்கள்.

காயவைப்பதில்தான் எல்லாம் கெடும். அவசரத்தில் ஒருமுறை கயிற்றைக் கொடிக்கம்பியில் அப்படியே போட்டுவிட்டேன். மறுநாள் பன்றிவாலாகச் சுருண்டிருந்தது. சணல் நனைந்தால் உப்பி, நீளம் குறையும். இஸ்தோப்புத் தூண்கள் இரண்டுக்கு நடுவே விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். ஜூலை மழையில் மூன்று நாள்கூட ஆகலாம், பரவாயில்லை.

காய்ந்ததும் மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே கயிற்றை நிறுத்தாமல் ஓட்டுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறு பொசுங்கிவிடும். ஈரத்துணியால் கரியைத் துடைத்துவிட்டு, தூணில் ஒரு சுற்றுப் போட்டு மத்துக் கடைகிற மாதிரி இரண்டு பக்கமும் மாறி மாறி இழுங்கள். கை நோகும், கயிறு இளகுவது இங்கேதான்.

கடைசியாகத் தேங்காயெண்ணெய். நம் குளிருக்குப் போத்தலிலேயே உறைந்து கிடக்கும். ஒரு நகக்கண் அளவு தோண்டி உள்ளங்கையில் உருக்கி உருவினால் போதும். அதிகமானால் தூசி பிடிக்கும், எலியும் வரும். கன்று நக்குகிற கயிறு. யார் சொன்னாலும் கழிவு ஒயில் தடவ வேண்டாம்.

உங்கள் முழங்கை உட்புறத்தில் தேய்த்துப் பாருங்கள். அரிக்காவிட்டால் கட்டலாம். சுருக்கு முடிச்சு மட்டும் போடாதீர்கள்; கயிற்றுக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும்.